பல் வெனீர் வந்த வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பல்லின் மேல் ஒட்டப்படும் மெல்லிய ஓடான வெனீரின் கதை பெரும்பாலும் அந்த ஓட்டைப் பற்றியதல்ல, அதை ஒட்டிய பசையைப் பற்றியது. கேட்கிறவர்கள் பீங்கானைப் பற்றித்தான் கேட்பார்கள். பதில் சொல்லப் போனால் எந்தக் கேள்வியும் சுற்றிச் சுற்றிப் பசையிலும், பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலிலும் வந்து நிற்கும்.

வெனீர் என்றால் என்ன? கேப்பும் அதுவும் ஒன்றுதானா?

தச்சுப் பட்டறையிலிருந்து வந்த சொல் இது. சாதாரணப் பலகையின் மேல் நல்ல மரத்தின் மெல்லிய ஏட்டை ஒட்டினால் மேசை முழுவதும் அந்த மரத்தில் செய்ததைப் போலத் தெரியும். அந்த ஏட்டுக்குப் பெயர்தான் வெனீர். பல்லிலும் அதே வேலைதான். பல்லின் முன்முகத்தில் மட்டும், பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மி.மீ. கனத்தில், பீங்கானாலோ, பல் நிறப் பிளாஸ்டிக் கலவையான கம்போசிட் ரெசினாலோ ஆன ஓடு ஒன்றை ஒட்டுகிறார்கள். பல்லின் பின்பக்கம் உங்களுடையதாகவே இருக்கிறது.

கேப் எனப்படும் கிரவுன் அப்படியல்ல. பல்லைச் சுற்றிலும் செதுக்கிக் கட்டையாக்கி அதன் மேல் தொப்பியைப் போலக் கவிழ்ப்பது அது. எவ்வளவு பல் போகிறது என்பதை 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடை போட்டே பார்த்தது. வெளியே தெரியும் பல்லின் எடையில் வெனீருக்காக 3 முதல் 30 சதவீதம் வரை செதுக்கப்படுகிறது, முழு கேப்புக்காக 63 முதல் 72 சதவீதம் வரை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது வெறும் சொல் குழப்பமாக நின்றுவிடுவதில்லை. இதற்குக் கீழே மறுபடி வருவோம்.

முதன்முதலில் வெனீர் செய்தவர் யார்?

சார்லஸ் பிங்கஸ் என்ற கலிஃபோர்னியப் பல் மருத்துவர். ஆண்டு 1928 என்று சொல்வது வழக்கம். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஹாலிவுட் படங்கள் பேசத் தொடங்கியிருந்தன. பேசும் நடிகரின் வாய் திறக்கிறது, கேமரா நெருங்கி வருகிறது. இடைவெளி, கோணல், உடைந்த நுனி, கறை எல்லாம் திரையில் ஆளுயரத்துக்குத் தெரிந்தன. பட நிறுவனங்களுக்குத் தேவைப்பட்டது மருத்துவமல்ல, ஒப்பனை. படப்பிடிப்பு முடியும்வரை பல் அழகாக இருந்தால் போதும்.

பிங்கஸ் மிக மெல்லிய ஓடுகளைச் செய்து, பல்செட்டை ஈறில் நிறுத்தப் பயன்படும் பொடியைத் தடவி நடிகர்களின் பல் மேல் ஒட்டினார். காட்சி முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட முடியாது. முதலில் பீங்கானில் செய்தார். 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் பிளாஸ்டிக் பல் மருத்துவத்துக்குள் வந்ததும் அதிலும் செய்தார்.

அவரிடம் ஓடு செய்துகொண்டவர்களில் அதிகம் பேசப்படுபவர் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள். பிறந்ததும் 1928இல்தான். புகழின் உச்சிக்கு வந்த ஆறேழு வயதில் பால்பற்கள் விழத் தொடங்கின. ஒரே படத்தில் ஒரு காட்சியில் பல் இருந்து அடுத்த காட்சியில் இல்லாமல் போனால் எப்படி? ஓடுகள் அந்த இடைவெளியை மறைத்தன. அந்தச் சிறுமியின் குறையில்லாத சிரிப்பைப் பார்த்து உருகிய ரசிகர்களுக்கு, அதில் பாதி ஒட்டுவேலை என்பது தெரிய வாய்ப்பில்லை.

அதற்கு முன்பு யாரும் பல்லை அழகுபடுத்தவே இல்லையா?

செய்தார்கள். மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் முன்பல்லின் எனாமலில் வட்டமாகத் துளையிட்டுப் பச்சைநிறக் கற்களைப் பதித்தார்கள். ஜப்பானில் பல்லைக் கறுப்பாக்குவதே அழகு என்றிருந்தது. ஒஹாகுரோ என்ற அந்த வழக்கத்தை மெய்ஜி அரசு 1870இல் உயர்குடியினருக்குத் தடை செய்தது. இவை வெனீரின் முன்னோர்கள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது இழுத்துப் பொருத்துவதாகப் படுகிறது. அழகாக்கும் ஆசைக்கு வேண்டுமானால் அவை சாட்சி, தொழில்நுட்பத்துக்கு அல்ல.

தொழில்நுட்ப வழியில் உண்மையான முன்னோர் பீங்கான்தான். பாரிஸ் அருகே அலெக்ஸி டுஷாட்டோ என்ற மருந்தாளர் 1774இல், தன் தந்தப் பல்செட்டின் நாற்றம் தாங்காமல், பீங்கானில் ஒன்று செய்துகொள்ள முயன்றார். சூளையில் பீங்கான் சுருங்கும், வளையும். பல முறை செய்து பார்த்த பின்னரே ஓரளவு பொருந்தியது. அவருக்கு உதவிய பல் மருத்துவர் நிக்கோலா டுபுவா த ஷெமான் அதை மேம்படுத்தி விற்கத் தொடங்கினார். 1808இல் பாரிஸில் ஜுசெப்பாஞ்செலோ ஃபொன்சி என்ற இத்தாலியர், தனித்தனியான பீங்கான் பற்களை அறிமுகப்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெட்ராய்ட்டில் சார்லஸ் லேண்ட், மெல்லிய பிளாட்டினத் தகட்டைப் பல்லின் வடிவத்துக்கு அழுத்தி அதன் மேல் பீங்கானைச் சுடும் முறையைக் கொண்டுவந்தார். 1980களில் பீங்கான் வெனீர் செய்த ஆய்வகங்களும் இந்தத் தகட்டு முறையைக் கையாண்டன. 1927இல் அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க், இந்த லேண்ட்டின் பேரன்.

ஆக, பல்லின் நிறத்தில் மெல்லிய பீங்கானைச் சுடத் தேவையான கைத்திறன் பிங்கஸ் காலத்திலேயே இருந்தது.

அப்படியானால் பொதுமக்களுக்கு வந்து சேர ஏன் 50 ஆண்டுக்கு மேல் ஆயிற்று?

ஒட்டவில்லை, அதனால்தான்.

வாயைப் போல ஒட்டுவேலைக்கு ஆகாத இடம் வேறு இல்லை. எப்போதும் ஈரம். ஒரு நிமிடம் ஐஸ், அடுத்த நிமிடம் கொதிக்கும் காபி. நாளெல்லாம் மெல்லும் அழுத்தம். போதாதற்கு எனாமல், எடையில் 96 சதவீதம் அளவுக்குக் கனிமமான, வழவழப்பான பரப்பு. அன்றைய பல் சிமென்ட்டுகள் ஒட்டும் பசைகளே அல்ல. இரண்டு பொருட்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்து இறுக்கிக்கொடுப்பவை. கேப் நிற்பது அதன் வடிவத்தால். தொப்பி தலையைச் சுற்றிலும் பிடிப்பதைப் போல அது கட்டையைப் பிடித்துக்கொள்கிறது, சிமென்ட் துணைக்கு நிற்கிறது. வெனீருக்கு அந்த வசதி இல்லை. ஒரு பக்கம் மட்டுமே சாய்ந்திருக்கும் ஓட்டுக்குப் பிடிமானம் முழுவதும் பசையில்தான் இருக்கிறது.

அந்தப் பசைச் சிக்கலை முதலில் அவிழ்த்தது யார்?

மைக்கேல் புவோனோகோரே. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிறுவனத்தில் ஆய்வு செய்தவர். 1955இல் அவர் வெளியிட்ட சில பக்கக் கட்டுரை ஒன்று பல் மருத்துவத்தையே வேறு திசைக்குத் திருப்பியது.

யோசனை தொழிற்சாலையிலிருந்து வந்தது. உலோகத் தகட்டின் மேல் பெயின்ட் உரியாமல் பிடிக்க, முன்னதாக அதைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்துவார்கள். உலோகத்துக்குச் செய்வதைப் பல்லுக்கும் செய்தால் என்ன என்று அவர் கேட்டார். 85 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவி உலர்த்தி, அதன் மேல் அக்ரிலிக் துளிகளை ஒட்டிப் பார்த்தார். அமிலம் படாத பல்லில் துளிகள் சில மணி நேரத்தில் உதிர்ந்தன. அமிலம் பட்ட பல்லில் சராசரியாக 1,000 மணி நேரத்துக்கும் மேல் நின்றன.

நடந்தது வேதியியலைவிட அதிகமாக இயந்திரவியல். எனாமல் என்பது கோடிக்கணக்கான நுண்தூண்களை நெருக்கமாக நிறுத்திவைத்த அமைப்பு. அமிலம் அந்தத் தூண்களின் உச்சியையும் ஓரத்தையும் ஏற்றத்தாழ்வாகக் கரைக்க, கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாகின்றன. திரவமாக உள்ளே இறங்கும் ரெசின் அங்கேயே இறுகி, ஆயிரமாயிரம் வேர்களைப் போலக் கவ்விக்கொள்கிறது. அந்தப் பரப்பு உலர்ந்தவுடன் சுண்ணாம்பு அடித்ததைப் போல வெளுத்துத் தெரியும். இன்றும் பல் மருத்துவர்கள் அந்த வெளுப்பைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போகிறார்கள். அமிலம் மட்டும் இப்போது 35 முதல் 37 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது.

நல்ல பல்லில் அமிலத்தை ஊற்றுவதா என்று அன்றைய மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்தக் கட்டுரை சீந்துவாரில்லாமல் கிடந்தது.

கம்போசிட் ரெசின் எங்கே வந்து சேர்கிறது?

அமிலம் குழியைத் தோண்டிக்கொடுத்தது. அதில் ஊற்றுவதற்கு உருப்படியான பொருள் வேண்டுமே. அக்ரிலிக் இறுகும்போது வெகுவாகச் சுருங்கும், தேயும், நிறம் மாறும். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பின் வளாகத்தில் ஆய்வு செய்த ரஃபேல் போவன், பிஸ்-ஜிஎம்ஏ என்ற பெரிய மூலக்கூறு ரெசினை உருவாக்கி 1962இல் காப்புரிமை பெற்றார். அதோடு, கண்ணாடியையும் ரெசினையும் பிணைக்கும் சிலேன் என்ற பொருளைப் பூசிய கண்ணாடித் துகள்களைக் கலந்தார். கலவையில் பெரும்பகுதி சுருங்காத துகள் என்பதால் மொத்தச் சுருக்கம் குறைந்தது, வலு கூடியது. இன்று பல் நிறத்தில் அடைக்கும் கம்போசிட் அனைத்தும் இந்தக் குடும்பத்திலிருந்து வந்தவை.

அடுத்தது ஒளி. ஆரம்பகால ரெசின்களில் இரண்டு பசைகளைக் கலந்தவுடனே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், சரியாக வைப்பதற்குள் இறுகிவிடும். 1970களின் தொடக்கத்தில் புறஊதா ஒளியாலும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் நீல ஒளியாலும் இறுக்கும் ரெசின்கள் வந்தன. மருத்துவர் விளக்கைக் காட்டும்வரை ரெசின் காத்திருக்கும். வெனீரை நகர்த்தி, சரிபார்த்து, ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு இறுக்கலாம். வெனீர் ஒட்டுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, பத்து விநாடியில் இறுகும் பசையோடு எதையாவது ஒட்டப் போராடியவர்களுக்குப் புரியும்.

1970களிலேயே ஆயத்த வெனீர் விற்றார்கள் என்கிறார்களே?

உண்மைதான். ஆயத்த ஆடை போலப் பல அளவுகளில் செய்துவைத்த அக்ரிலிக் ஓடுகள். பொருத்தமானதை எடுத்து, ஓரம் தேய்த்து, அமிலம் பட்ட எனாமலில் ரெசினால் ஒட்டிவிடலாம். கேப் வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரே நாளில் வேலை முடியும். எனாமலோடு ரெசின் நன்றாகவே பிடித்தது, ரெசினோடு அக்ரிலிக் பிடிக்கவில்லை. ஓடு கழன்றது, ஓரத்தில் கறை ஏறியது, பளபளப்பு போனது. சில ஆண்டுகளில் வழக்கொழிந்துவிட்டன.

பீங்கானைப் பல்லில் ஒட்டவைத்தது எப்படி?

பிரெஞ்சு மருத்துவர் அலென் ரோஷெட் 1975இல் உடைந்த முன்பற்களுக்குப் பீங்கான் துண்டுகளைச் செய்து, அமிலம் பட்ட எனாமலில் ரெசினால் ஒட்டியதை எழுதினார். பீங்கானுக்கும் ரெசினுக்கும் நடுவே சிலேனைப் பயன்படுத்தினார். சிலேன் இரு முனை கொண்ட மூலக்கூறு. ஒரு முனை கண்ணாடியோடு பிணையும், மறுமுனை ரெசினோடு பிணையும். காலத்தை முந்திய அந்தக் கட்டுரையைத் தொடர்ந்து எடுத்துச் செல்ல அன்று ஆளில்லை.

திருப்பம் 1983இல் வந்தது. பல் மருத்துவ ஆய்வாளர்களான ரிச்சர்ட் சிமன்சனும் ஜான் கலாமியாவும் பீங்கானின் உட்பக்கத்தை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் அரித்து, ரெசின் அதில் எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்று அளந்து காட்டினார்கள். அதே ஆண்டு கலாமியாவும், தனியாக ஹரால்ட் ஹார்னும், அப்படி அரித்த பீங்கான் வெனீர்களைப் பற்றி எழுதினார்கள். எனாமலுக்குப் புவோனோகோரே செய்ததைப் பீங்கானுக்கு இவர்கள் செய்தார்கள். இரண்டு பக்கமும் குழி, நடுவில் இரண்டையும் கவ்வும் ரெசின். இன்று வெனீர் என்று நாம் சொல்வது அன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் ஆழமாக ஊடுருவிப் புண்ணாக்கும். அதனால் வாய்க்கு வெளியே, ஆய்வகத்தில் அல்லது மேசையில் வைத்துத்தான் வெனீரை அரிக்கிறார்கள்.

அரை மில்லிமீட்டர் பீங்கான் கடித்தால் உடைந்துவிடாதா?

கையில் வைத்து அழுத்தினால் உடையும். ஒட்டுவதற்கு முன் வெனீரைக் கீழே போட்டு நொறுக்கிய மருத்துவர்கள் ஏராளம்.

தரையில் பதிக்கும் டைல்ஸை நினைத்துப் பாருங்கள். கையில் இருக்கும்போது தட்டினால் இரண்டாகும். சாந்தில் நன்றாகப் பதிந்த பிறகு அதன் மேல் பீரோவையே நகர்த்தலாம். அடியில் வெற்றிடம் இருந்தால் மட்டும் ஒருநாள் விரிசல் விடும். வெனீரும் அப்படியே. வளையும் விசையைப் பீங்கான் தாங்காது, அடியில் இருக்கும் எனாமல் வளையவிடுவதில்லை. எனாமலைச் செதுக்கித் தள்ளிவிட்டு அடியிலிருக்கும் டென்டினில் ஒட்டினால் நிலைமை மாறிவிடும். டென்டின் மென்மையானது, நெகிழ்வது, நுண்குழாய்கள் வழியே எப்போதும் ஈரம் கசிவது. அதில் ஒட்ட முடியாது என்பதல்ல. ஜப்பானில் டகாவோ ஃபுசயாமா, நோபுவோ நகபயாஷி போன்றவர்கள் 1970களின் இறுதியிலும் 1980களிலும் செய்த பணியால் டென்டினிலும் இன்று நன்றாகவே ஒட்டுகிறது. ஆனாலும் எனாமலுக்கு அது ஈடாகவில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம். இங்கே சுவர் எனாமல்.

1983க்குப் பிறகு பீங்கானில் என்ன மாற்றம்?

முதலில் இருந்தது ஃபெல்ட்ஸ்பார் பீங்கான். தூளைக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, உலையில் சுடுவது. செய்யும் டெக்னீஷியனின் கண்ணும் கையுமே எல்லாம். அழகில் இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை என்று சாதிப்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் வலு குறைவு. வளைவைத் தாங்கும் அளவு, வலுவை அளக்கும் மெகாபாஸ்கல் அலகில் 100க்குள்தான் இருக்கும்.

சூரிக் பல்கலைக்கழகத்தில் 1980களில் தொடங்கிய ஆய்விலிருந்து, லூசைட் படிகங்கள் கலந்த அழுத்துப் பீங்கான் எம்ப்ரெஸ் என்ற பெயரில் 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. வெண்கலச் சிலை வார்ப்பதைப் போன்ற வேலை இது. மெழுகில் ஓட்டின் வடிவத்தைச் செய்து, அச்சுக்குள் வைத்து, மெழுகை எரித்து, அந்த இடத்தில் இளகிய பீங்கானை அழுத்திச் செலுத்துவார்கள். 1998இல் லித்தியம் டைசிலிகேட் என்ற இன்னும் வலுவான படிகப் பீங்கான் வந்தது, 2005இல் அதன் மேம்பட்ட வடிவம் இ-மேக்ஸ். வலு 400 மெகாபாஸ்கலை நெருங்கியது. இன்று வெனீர் என்றால் உலகின் பல இடங்களிலும் இதுதான்.

அதே சூரிக்கில் வெர்னர் மோர்மனும் மார்கோ பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய செரெக் இயந்திரம் 1985இல் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. கேமராவால் பல்லை அளந்து, கணினியில் வடிவமைத்து, பீங்கான் கட்டியைக் கடைந்து எடுப்பது. அச்செடுக்கும் பசையை வாயில் வைத்துக்கொண்டு குமட்டலை அடக்க வேண்டிய தேவை பலருக்கும் இல்லாமல் போனதற்கு இதுவே தொடக்கம்.

சிர்கோனியா என்ற இன்னொரு வகைப் பீங்கான் இவை எல்லாவற்றையும்விட வலுவானது. ஆனால் அதில் கண்ணாடிப் பகுதி இல்லை. அதனால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அதை வழக்கமான வழியில் அரித்துக் குழியாக்காது. அதற்கென வேறு பசை வழிகள் இருந்தாலும், பசையையே நம்பி நிற்கும் வெனீருக்கு அது முதல் தேர்வாகவில்லை. வலுவான பொருள் எப்போதும் சிறந்த பொருள் அல்ல என்பதற்கு நல்ல உதாரணம்.

பல்லைச் செதுக்காமலே வெனீர் ஒட்ட முடியாதா?

சிலருக்கு முடியும். 1980களின் ஆரம்ப வெனீர்களில் பலவும் செதுக்காமலோ, லேசாகச் சொரசொரப்பாக்கியோ ஒட்டப்பட்டவைதான். அப்படி ஒட்டினால் பல் சற்றுத் தடித்துத் தெரியும், ஈறோரம் விளிம்பு துருத்தும். அதைத் தவிர்க்கச் செதுக்கத் தொடங்கி, பிறகு ஆழமாகச் செதுக்கத் தொடங்கினார்கள். டென்டின் பசைகள் மேம்பட்டதும், எனாமல் போனால் என்ன என்ற துணிச்சல் வந்தது. அந்தத் துணிச்சலின் விலையைப் பல் கூச்சமாகவும், கழன்ற ஓடுகளாகவும், வேர் சிகிச்சையாகவும் நோயாளிகள் கொடுத்தார்கள். பிறகு மீண்டும் குறைவாகச் செதுக்கும் பக்கம் ஊசல் திரும்பியது. லூமினியர்ஸ் போன்ற வணிகப் பெயர்களில் விற்கும் மிக மெல்லிய ஓடுகள், கான்டாக்ட் லென்ஸ் என்று விளம்பரமாகும் 0.3 மி.மீ. ஓடுகள் எல்லாம் அந்தத் திருப்பத்தில் வந்தவை.

எனாமல் எல்லா இடத்திலும் ஒரே கனமல்ல என்பதுதான் சிக்கல். முன்பல்லின் நுனிப் பக்கம் 1 மி.மீ. அளவுக்கு இருக்கும், ஈறை நெருங்கும்போது 0.3 அல்லது 0.4க்கு மெலிந்துவிடும். அங்கே அரை மில்லிமீட்டர் செதுக்கினாலே டென்டின் எட்டிப்பார்க்கும். வயதாகத் தேய்ந்த பல்லில் இன்னும் விரைவாக.

இங்கே வந்த ஒரு மாற்றத்தைப் பீங்கான் முன்னேற்றத்தைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன். மாதிரியை முதலில் வைத்துப் பார்ப்பது. பாஸ்கல் மான்ய, உர்ஸ் பெல்சர், கலிப் குரெல் போன்ற பல் மருத்துவர்கள் பரப்பிய முறை இது. பல்லைத் தொடுவதற்கு முன்பே, முடிவில் பல் எப்படி இருக்க வேண்டுமோ அந்த வடிவத்தைத் தற்காலிக ரெசினால் பல் மேல் அமைக்கிறார்கள். நோயாளி கண்ணாடியில் பார்த்து, பேசிப் பார்த்து, சரி என்ற பிறகு, அந்த மாதிரியின் மேலிருந்தே ஆழம் அளந்து செதுக்குகிறார்கள். தேய்ந்து உள்வாங்கிய பல்லில் மாதிரியே அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். செதுக்கும் கருவி பெரும்பாலும் அந்த ரெசினைத்தான் வெட்டுகிறது, பல்லை அல்ல. பழைய முறையில் தேய்ந்த பல்லிலிருந்தே இன்னொரு அரை மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை ஆண்டு நிற்கும்?

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் 318 பீங்கான் வெனீர்களை 20 ஆண்டு வரை பின்தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. 10 ஆண்டில் சுமார் 93 சதவீதமும், 20 ஆண்டில் சுமார் 83 சதவீதமும் நிற்கும் என்று அது கணித்தது. தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களிடம் தோல்வி பல மடங்கு அதிகம். தோல்வி என்றால் பெரும்பாலும் விரிசலோ உடைவோ. ஓரக் கசிவும் சொத்தையும் அடுத்து வரும், முழுதாகக் கழல்வது அதைவிட அரிது.

இந்த எண்கள் தேர்ந்த கைகள் பார்த்துப் பார்த்துச் செய்த வேலைக்கு உரியவை. விளம்பரத்தில் 'ஆயுள் முழுக்க' என்று படித்தால் யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 25 வயதில் போட்டுக்கொள்பவர் ஒரு முறையாவது, பெரும்பாலும் இரண்டு முறை, மாற்ற வேண்டிவரும்.

கம்போசிட் வெனீர் மட்டமானதா?

இல்லை. பல் மேல் நேரடியாக ரெசினை அடுக்கி, இறுக்கி, மெருகேற்றுவது. ஒரே அமர்வில் முடியும், பெரும்பாலும் செதுக்கவே தேவையில்லை, உடைந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டிச் சரிசெய்யலாம். பளபளப்பு சீக்கிரம் மங்கும், கறை ஏறும், ஓரம் பெயரும். பீங்கானைவிட ஆயுள் குறைவு. இளைஞர்களுக்கு, அதுவும் நுனி உடைந்த ஒன்றிரண்டு பல்லுக்கு, முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

சிலருடைய வெனீர் மட்டும் ஏன் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது?

உண்மையான பல் ஒரே வெள்ளை அல்ல. ஈறருகே சற்று மஞ்சள், நடுவில் வெளிச்சம், நுனியில் நீலம் கலந்த கண்ணாடித்தன்மை. ஒளி எனாமலுக்குள் புகுந்து, டென்டினில் பட்டுத் திரும்பி வருகிறது. பக்கத்துப் பக்கத்துப் பற்கள்கூட நிறத்தில் சற்று வேறுபடும், கோரைப்பல் எப்போதும் கொஞ்சம் அடர்ந்திருக்கும். இதையெல்லாம் அழித்துவிட்டுப் பத்துப் பல்லுக்கும் ஒரே வெள்ளையில் ஓடுகளை வைத்தால், குளியலறைச் சுவரைப் போலத் தெரியும்.

பல நேரம் இதற்குக் காரணம் டெக்னீஷியன் அல்ல, கேட்டவர். பல் நிறம் தேர்ந்தெடுக்கும் வீட்டா அட்டையில் ஏ1 முதல் டி4 வரை 16 இயல்பு நிறங்கள் இருக்கின்றன. பல்லை வெளுக்கவைக்கும் முறைகள் 1989க்குப் பின் பரவியபோது, அந்த 16ஐயும் தாண்டிய வெளிர் நிறங்களுக்குக் கிராக்கி வந்தது. இயற்கையில் யாருக்கும் இல்லாத நிறத்தைக் கேட்டால், இயற்கையாகத் தெரிய வேண்டும் என்றும் கூடவே கேட்க முடியாது.

ஒன்றில் மட்டும் டெக்னீஷியன் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் மருந்து எடுத்ததால் சாம்பலாகிப்போன பல்லை 0.3 மி.மீ. கண்ணாடி ஓடு மறைக்காது. மறைக்கக் கனமும் ஒளிபுகாத் தன்மையும் வேண்டும். அவை வந்தால் உயிர்ப்பு குறையும்.

பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டுப் பழையபடி இருக்கலாமா?

செதுக்கியிருந்தால் முடியாது. எனாமலை உருவாக்கும் செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வருவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு மறைந்துவிடுகின்றன. போன எனாமல் போனதுதான். ஒரு வெனீர் போனால் இன்னொன்று போடலாம், வெறும் பல்லோடு இருக்க முடியாது.

இணையப் படங்களில் வெனீருக்காகப் பல்லைக் கூர் முளைபோலச் செதுக்கியிருக்கிறார்களே?

அது வெனீர் அல்ல, கேப். தொடக்கத்தில் சொன்ன சொல் குழப்பம் இதுதான். வெனீர் என்று சொல்லிக் கூட்டிப்போய், ஆரோக்கியமான இளம் பற்களைச் சுற்றிலும் செதுக்கிக் கேப் போட்டு அனுப்புவது உலகின் பல இடங்களிலும் நடக்கிறது. கேப் செய்வது எளிது, விரைவு, பசை சொதப்பினாலும் வடிவத்தால் நிற்கும். இழப்பு மட்டும் உங்களுடையது. நாற்காலியில் உட்கார்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் செதுக்குவீர்கள்? பின்பக்கமும் செதுக்குவீர்களா? மாதிரியை முதலில் வாயில் வைத்துக் காட்டுவீர்களா? தெளிவான பதில் வராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். நிறம்தான் குறை என்றால் வெளுக்கவைத்தும், வரிசைதான் குறை என்றால் கம்பி கட்டியும் சரிசெய்ய முடியுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே மாட்டிக் கழற்றும் வெனீர் விற்கிறார்களே, அது என்ன?

பல்வரிசை முழுவதற்கும் மேல் கவ்வி நிற்கும் பிளாஸ்டிக் உறை. பல் செதுக்கப்படுவதில்லை என்பது அதன் ஒரே நல்ல குணம். அடியில் உணவும் எச்சிலும் தேங்கினால் சொத்தையும் ஈறு வீக்கமும் வரும், பேச்சு குழறும். பொருள் வேறு, பொருத்தும் விதம் வேறு என்றாலும் கருத்து பிங்கஸ் 1928இல் செய்ததேதான். அவருடைய நடிகர்கள் காட்சி முடிந்தவுடன் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். வாங்குகிறவர்கள் அந்தப் பழக்கத்தையாவது பின்பற்றுவது நல்லது.